இளஞ்சிவப்புக்கு ஓர் இருமல்

வகுப்பில் அக்காவுக்குச் 'சிரப்பு' என்று பட்டப்பெயர். இருமலுக்குக் குடிக்கிற அதே சிரப்புதான். வேதியியல் ஆய்வகத்துக்குள் நுழைந்தால் அவளுக்கு இருமல் வந்துவிடும், வெளியே வந்தால் நின்றுவிடும். ஒரு பக்கம் அம்மோனியா நெடி, இன்னொரு பக்கம் அழுகின முட்டை நாற்றம் என்று மூக்கைத் துளைக்கிற இடத்தில் ஒருத்தி இருமினால் யாருக்குச் சந்தேகம் வரப்போகிறது? பாவம், ஒத்துக்கொள்ளவில்லை போல என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள். பக்கத்து மேசைப் பெண் அக்கறையோடு இருமல் மிட்டாய்கூட வாங்கிக் கொடுத்தாள். அக்காவும் கூச்சமே இல்லாமல் வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள்.

உண்மையில் அவள் தொண்டைக்கு ஒரு கேடும் இல்லை. அந்த இருமல் முழுக்கத் தம்பிக்காக.

இரண்டு பேரும் ஒரே வகுப்பு. பள்ளி முடிக்கிற வருஷத்தில் அக்கா மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டாள். ஒரு வருஷம் வீணாகி, எழுந்து பார்த்தால் தம்பி அதே வகுப்பில் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தான். அப்புறம் கல்லூரியிலும் ஒரே பாடம், ஆய்வகத்தில் ஒரே மேசை. மேசைக்கு இரண்டு பேர் என்பது அங்கே சட்டம், ஏனென்றால் கண்ணாடிக் குழாய்கள் போதாது. இருந்தவற்றிலும் பாதிக்கு முனை உடைந்திருக்கும்.

தரம் பார்த்தல் என்று ஒரு சோதனை. வேதியியல் படித்தவர்கள் எல்லாம் அதில் விழுந்து எழுந்துதான் வந்திருப்பார்கள். பார்க்கப்போனால் எளிதான வேலை. தாங்கியில் நிமிர்ந்து நிற்கிற நீளக் கண்ணாடிக் குழாய்க்குப் பியூரெட் என்று பெயர், அதில் காரம். கீழே கூம்புக் குடுவையில் அமிலம், அதில் நிறம் காட்டுவதற்குப் பினாப்தலீன் இரண்டு சொட்டு. பியூரெட்டின் அடியில் உள்ள சின்னத் திருகைத் திறந்து காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். விட்டுக்கொண்டே இருந்தால் ஏதோ ஒரு சொட்டில், அதுவரை நிறமே இல்லாமல் தண்ணீர் மாதிரி இருந்த குடுவை, வெளிறின இளஞ்சிவப்புக்கு மாறும். அந்தச் சொட்டிலேயே திருகை மூட வேண்டும். அசந்தால் போச்சு, மறுபடி முதலிலிருந்து.

தம்பிக்கு அந்த இளஞ்சிவப்பு தெரியாது. சிவப்பும் பச்சையும் அவனுக்குப் பிறவியிலேயே ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். கொஞ்சம் சிவப்பு என்றால் அது அவனுக்கு இல்லாத மாதிரிதான். இது அக்காவுக்கு அவன் பால் பல் விழுகிற வயதிலேயே தெரியும். அவன் வரைந்த மரத்துக்கெல்லாம் சாணி நிறத்தில் இலை இருக்கும். வகுப்பில் சிரித்தார்கள் என்று அவன் அழுதுகொண்டு வந்த அன்றைக்கு, அவனுடைய கலர் பென்சில் ஒவ்வொன்றின் அடியிலும் பிளேடால் சீவி, நிறத்தின் முதல் எழுத்தை எழுதிக் கொடுத்தாள். அன்றைக்கு ஆரம்பித்த வேலை. எந்தச் சட்டைக்கு எந்தப் பேண்ட், எந்தத் தக்காளி பழம், எது காய் என்று எல்லாவற்றுக்கும் அவள்தான் கண்.

வீட்டில் வேறு யாருக்கும் தெரியாதா என்றால், தெரியாது. அப்பா வயரிங் வேலை செய்பவர். ஒரு விடுமுறையில் பையனைக் கூட்டிப்போய் வயர் இணைக்கச் சொல்ல, அவன் சிவப்பைப் பச்சையோடு மாட்டி, புதுவீட்டுக்காரர் முன்னாலேயே பியூஸ் பட்டென்று போனது. "கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?" என்று அப்பா கத்தினார். கவனம் இல்லாத பையன் என்று முடிவு கட்டி, அதோடு வேலைக்குக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்.  கவனம் இல்லாதவன் என்ற பேர் அவனுக்குச் சௌகரியமாகவே இருந்தது.

ஏன் மறைக்க வேண்டும்? அங்கேதான் மாமா வருகிறார். அம்மாவின் தம்பி. ரயில் ஓட்டுகிற வேலைக்கு எல்லாப் பரீட்சையும் தேறி, கடைசியில் கண் பரிசோதனையில் புள்ளி புள்ளியாக இருந்த படத்தில் எண் தெரியவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர். இப்போது ஜெராக்ஸ் கடை வைத்து நன்றாகத்தான் இருக்கிறார். ஆனால் நாலு சொந்தக்காரர்கள் கூடிவிட்டால் போதும், "எங்கேயோ இருக்க வேண்டியவன், கண்ணால கெட்டான்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். மாமா தலையைக் குனிந்துகொண்டு காப்பியை ஆற்றுவார். தம்பி சின்ன வயதிலிருந்து அந்தக் குனிந்த தலையைப் பார்த்து வளர்ந்தவன். வேதியியல் என்றால் அவனுக்கு உயிர். கலர் தெரியாதவன் என்று தெரிந்தால் மாமாவைப்போலத் தன்னையும் வாசலோடு அனுப்பிவிடுவார்கள் என்று அவன் நம்பினான். அவன் நம்பியதால் அக்காவும் நம்பினாள்.

முதல் வருஷத்தின் முதல் சோதனையில், குடுவை சிவந்த பிறகும் அவன் பாட்டுக்கு விட்டுக்கொண்டே போனான். "நிறுத்துடா" என்று அக்கா கிசுகிசுத்தாள். "அங்க என்ன பேச்சு?" என்று சத்தம் போட்டார் சொட்டு சார். அவர்தான் ஆய்வக ஆசிரியர். "அருவி மாதிரி விடுறியே, குளிக்கவா போற? சொட்டு சொட்டா விடுப்பா" என்று வருஷம் முழுக்க ஒரே பாட்டுப் பாடுவதால் வந்த பேர். பேசக் கூடாது என்று ஆனதும் அடுத்த முறை அக்கா இருமினாள். தம்பி திருகை மூடினான். குடுவையில், அப்போதுதான் பிறந்த குழந்தையின் உள்ளங்கை மாதிரி ஓர் இளஞ்சிவப்பு. அதற்கப்புறம் வகுப்பிலேயே அவர்கள் அளவுகள்தான் அச்சு அசலாக ஒத்துப்போயின. "இவங்களப் பாத்துக் கத்துக்குங்க" என்று சொட்டு சார் மற்றவர்களைத் திட்டும்போதெல்லாம் அக்காவுக்குப் பெருமை ஒரு பக்கம், மாட்டிக்கொள்வோமோ என்ற பயம் ஒரு பக்கம்.

உள் தேர்வுகளும் ஜோடியாகவே நடந்ததால் வண்டி ஓடியது. கடைசி வருஷத் தேர்வுதான் தனித்தனி, வெளியிலிருந்து ஒருவர் வந்து நடத்துவார். அதில் தேறாவிட்டால் பட்டம் இல்லை.

"நம்ம நம்பர் பக்கத்துப் பக்கத்துலதான வருது. பக்கத்து மேசைதான் கிடைக்கும். நான் பாத்துக்கறேன்" என்றாள் அக்கா, தேர்வுக்கு முந்தின நாள், துவைத்த ஆய்வகக் கோட்டைக் கொடியில் போட்டபடி.

"உன் சோதனைய யாரு பாக்கறது?"

"அதுல என்னடா இருக்கு? நிறம் தெரியுது, நிறுத்தப் போறேன். உன்னோடதுதான் கவலை."

தம்பி கோட்டின் இன்னொரு முனையைப் பிடித்து உதறினான். "திருகு உனக்குப் பழக்கமில்லையேக்கா" என்றான். அக்கா சிரித்துவிட்டாள். மூன்றாம் வருஷம் படிப்பவளிடம் திருகு பழக்கமில்லையாம். குழாயடியில் தண்ணீர் பிடிக்கத் தெரியாதா என்று கேட்கிற மாதிரி இருந்தது அவளுக்கு.

மறுநாள் தேர்வு நடத்த வெளியிலிருந்து வந்தது ஓர் அம்மா. குள்ளமான உருவம், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட கண்ணாடி, கையில் பிளாஸ்க். வந்தவுடன் மாணவர்களைப் பார்க்கவில்லை. பியூரெட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு சொட்டு சாரிடம், "நம்பர் வரிசையில உக்கார வைக்க வேண்டாம் சார். சீட்டு எடுக்கட்டும்" என்றார். ஒரு பீக்கரில் மேசை எண் எழுதிய துண்டுத் தாள்கள் வந்தன.

அக்காவுக்கு ஜன்னல் ஓரம். தம்பிக்கு அந்தக் கோடி, கழுவுதொட்டிக்குப் பக்கத்தில். நடுவில் ஒரு வகுப்பே நிற்கிறது. அங்கிருந்து அவன் குடுவையின் நிறத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கழுகுக் கண்தான் வேண்டும். அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் முகத்தில் ஈ ஆடவில்லை. பரவாயில்லை என்பதுபோல உதட்டைப் பிதுக்கிக் காட்டிவிட்டு, கோட்டுப் பொத்தானைப் போட ஆரம்பித்தான். ஒரு பொத்தானைத் தவறான துளையில் போட்டான். அது தெரிந்ததும் அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது.

அழுது என்ன ஆகப்போகிறது? கைகள் வேலையைத் தொடங்கிவிட்டன. பியூரெட்டைத் தண்ணீரில் கழுவி, பிறகு அதில் ஊற்றப்போகிற காரத்தாலேயே ஒரு தடவை அலசினாள். குடுவையை வெறும் தண்ணீரில் மட்டும் கழுவினாள். அங்கே அமிலத்தால் அலசினால் அளவு கூடிவிடும், அது சின்னப் பிள்ளைத் தப்பு. புனல் வைத்து நிரப்பினாள், மறக்காமல் புனலை எடுத்தாள். பிப்பெட் குழாயில் அமிலத்தை உறிஞ்சி, அளவுக் கோட்டுக்கு நேராகக் கண்ணை வைத்து, அமிலத்தின் வளைவு அந்தக் கோட்டைத் தொடும்வரை இறக்கினாள். இதெல்லாம் அவள் பாகம். இதில் அவளை யாரும் அசைக்க முடியாது.

பியூரெட்டின் நுனியில் ஒரு காற்றுக் குமிழி நின்றது. அதைச் சட்டென்று திறந்து மூடித் துரத்த வேண்டும். அவள் வலது கையால் திருகைப் பிடித்து இழுத்துத் திருப்பினாள். திருகு அப்படியே கழன்று கையோடு வந்துவிட்டது. காரம் மணிக்கட்டு வழியாக முழங்கை வரை ஓடியது. வழவழவென்று சோப்பு மாதிரி. அவசரமாக ஓடிப்போய்க் குழாயில் கையைக் காட்டிவிட்டு வந்து, மறுபடி மாட்டி, மறுபடி நிரப்பினாள். பக்கத்து மேசைப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இருமல் மிட்டாய் கொடுத்த அதே புண்ணியவதிதான், சீட்டிலும் பக்கத்திலேயே வந்திருந்தாள்.

முதல் சோதனையைத் தொடங்கினாள். இடது கையைத் திருகின் பின்பக்கமாக வளைத்துப் பிடிக்க வேண்டும், வலது கை குடுவையைச் சுழற்ற வேண்டும், கண் குடுவையிலேயே இருக்க வேண்டும் என்று சொட்டு சார் முதல் நாள் சொன்னது ஞாபகம் வந்தது. சொன்னார்தான். அவளுக்குச் செய்ய வேண்டிய அவசியமே வரவில்லை. இப்போது இடது கையைத் திருகில் வைத்தால் வலது கை சுழற்ற மறந்தது. வலது கை சுழற்றினால் இடது கை தூங்கியது. விழித்துக்கொண்டு திருப்பியபோது காரம் அருவியாக இறங்கியது. குடுவை ஒரே நொடியில் பீட்ரூட் வேகவைத்த தண்ணீர் ஆனது.

அக்கா அந்தக் கருஞ்சிவப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நிறம் தெரிகிறது, நன்றாகத்தான் தெரிகிறது. தெரிந்து என்ன? அந்த ஒரு சொட்டில் நிறுத்துகிற கை அவளிடம் இல்லை. இத்தனை நாள் அந்தக் கை தம்பியுடையது. வகுப்பே வாய் பிளந்த அந்த அளவுகளில் பாதி அவளுடைய கண் என்றால் மீதிப் பாதி அவனுடைய விரல். அவள் ஒரு தடவைகூட அதை அப்படி நினைத்துப் பார்த்ததில்லை. தம்பியைத் தூக்கிச் சுமக்கிறோம் என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தாள். அவனும் அவளைச் சுமந்துகொண்டுதான் வந்திருக்கிறான் என்று இப்போது உறைத்தபோது முகம் சுட்டது.

அந்தக் கோடியில் தம்பி வேலை செய்துகொண்டிருந்தான். தூரத்திலிருந்து பார்க்கவே அழகாக இருந்தது. இடது கை திருகைத் தழுவியிருந்தது, வலது கையில் குடுவை ஒரே சீராகச் சுழன்றது, சொட்டுகள் எண்ணிவைத்த மாதிரி விழுந்தன. குடுவையை அடிக்கடி தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான். வெளிச்சம் கொஞ்சம் மங்குகிறதா என்று தேடுகிறான் என்பது அவளுக்கு மட்டும் தெரியும். அப்படித் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் ஏழெட்டுச் சொட்டு கூடுதலாகப் போயிருக்கும்.

குடுவையைக் கழுவிவிட்டு அவள் இரண்டாவது சோதனைக்கு நின்றாள். இந்தத் தடவை மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு சொட்டு, ஒரு சுழற்று, மறுபடி ஒரு சொட்டு, ஒரு சுழற்று என்று ஆமை வேகத்தில் போனாள். விரல் மரத்தது. சொட்டு விழுகிற இடத்தில் சிவப்பு ஒரு கணம் தோன்றித் தோன்றி மறைந்தது. மறைய நேரமாக ஆரம்பித்தது. இன்னும் ஒன்று. இன்னும் ஒன்று. அப்போது குடுவை முழுவதும் மெல்ல, மறையாமல், அந்த வெளிறின இளஞ்சிவப்பு பரவி நின்றது.

அக்கா இருமினாள்.

வேண்டுமென்று இருமவில்லை. அந்த நிறத்தைக் கண்டால் இருமித்தான் அவளுக்குப் பழக்கம். தன் குடுவை, தன் கை, தன் தேர்வு என்பதெல்லாம் தொண்டைக்குத் தெரியுமா? இருமல் ஆய்வகத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போனது. அங்கே தம்பியின் இடது கை டக்கென்று திருகை மூடியது.

இங்கே அவளுடைய குடுவையில் இன்னும் இரண்டு சொட்டு விழுந்து நிறம் அடர்ந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. தம்பியையே பார்த்தாள். அவன் தன் கையைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். இவ்வளவு தூரத்திலிருந்து அவளால் பார்த்திருக்க முடியாது என்று அவனுக்கும் தெரியும். ஆனால் கை கேட்டுவிட்டது. கை மூடியதைத் திறக்கலாமா, வேண்டாமா என்று அவன் தவிப்பது அவன் தோளில் தெரிந்தது. திறக்கவில்லை. பென்சிலை எடுத்து அளவைக் குறித்துக்கொள்ளக் குனிந்தான்.

அந்த நேரம் பார்த்துத்தானா அந்த அம்மா அங்கே வந்து நிற்க வேண்டும்?

"எதுக்குப்பா நிறுத்துன?"

தம்பி நிமிர்ந்தான். "முடிஞ்சிருச்சு மேடம்."

"எங்க முடிஞ்சுது? நிறமே வரலையே. தண்ணியாட்டம் இருக்கு." கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு குடுவையைத் தூக்கினார். "நல்லா பாரு. இதுல உனக்கு இளஞ்சிவப்பு தெரியுதா?"

 தம்பி குடுவையைப் பார்த்துக்கொண்டே நின்றான். தெரியுது என்று சொன்னால் பொய். தெரியல என்று சொன்னால், பின் ஏன் நிறுத்தினாய் என்று கேட்பார். அவன் காது மடல் சிவந்தது. அந்தச் சிவப்பும் அவனுக்குத் தெரியாது.

அக்காவால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. குடுவையை வைத்துவிட்டு மேசையைச் சுற்றி வந்தாள். "மேடம், அவன் மேல தப்பில்ல மேடம். நான்தான்..."

"நீ யாரும்மா? உன் எடத்துக்குப் போ."

"அவனோட அக்கா மேடம். நான் இருமினேன் மேடம், அதனாலதான்..."

"இருமினா அவன் எதுக்கு நிறுத்தணும்?"

அக்கா வாயைத் திறந்தாள். தம்பி அவளைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினான். வேண்டாம் என்கிற ஆட்டல்தான், ஆனால் கெஞ்சுகிற ஆட்டல் இல்லை. நீ சொல்ல வேண்டாம், நான் சொல்கிறேன் என்று இருந்தது. அவள் நடுவழியில் நின்றுவிட்டாள்.

"எனக்குச் சிவப்பு தெரியாது மேடம்" என்றான்.  "பச்சையும் சரியாத் தெரியாது. பொறந்ததுலேர்ந்தே. இதுவரைக்கும் அக்கா நிறத்தப் பாத்து இருமுவா, நான் நிறுத்துவேன். இப்ப அவ இருமினது அவளோட குடுவைக்கு. எனக்கில்ல. பழக்கத்துல நிறுத்திட்டேன்."

சொட்டு சார் ஓடிவந்தார். முகம் வெளுத்திருந்தது. அந்த அம்மா அவரைக் கையமர்த்திவிட்டு, குடுவையை மேசையில் வைத்தார்.

"காலேஜ்ல யார்கிட்டயும் சொல்லலையா?"

"சொன்னா வெளிய அனுப்பிருவாங்கன்னு..."

"அனுப்பிருவாங்கன்னு யாரு சொன்னா?"

தம்பி யோசித்தான். யோசிக்க யோசிக்க அவன் முகம் மாறுவதை அக்கா பார்த்தாள். "யாரும் சொல்லல மேடம்."

"யாருமே சொல்லாத ஒண்ண நம்பிக்கிட்டு மூணு வருஷம் ஒரு பொண்ண இரும விட்டிருக்க" என்றார் அந்த அம்மா. கோபமாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லிக்கொண்டே அவனுடைய பியூரெட்டைக் குனிந்து பார்த்தார், தாங்கியைப் பார்த்தார், குமிழியில்லாத நுனியைப் பார்த்தார், மேசையில் ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் இருந்ததைப் பார்த்தார். "கை நல்லா இருக்கு" என்றார். பிறகு சொட்டு சாரைப் பார்த்துத் திரும்பினார். "சார், தைமால்ப்தலீன் வெச்சிருக்கீங்களா?"

"இருக்கு மேடம். மேல் தட்டுல. யாரும் கேக்கறதில்ல."

"எடுங்க. அது நீலமா மாறும். நீலம் தெரியுமாப்பா உனக்கு?"

"தெரியும் மேடம்."

"முடிவு ஒரு மயிரிழை தள்ளி வரும், பரவாயில்ல. நான் பாத்துக்கறேன். முதல்லேர்ந்து ஆரம்பி. நேரம் கூடத் தர்றேன்." அப்புறம் அக்காவைப் பார்த்தார். "நீ இன்னும் இங்கயே நிக்கறியா? உன் குடுவைய யாரு பாப்பா?"

சொட்டு சார் முக்காலி போட்டு ஏறி, அலமாரியின் மேல் தட்டிலிருந்து ஒரு சின்னப் பழுப்புப் பாட்டிலை இறக்கினார். கோட்டு நுனியால் தூசியைத் துடைத்தார். தம்பியிடம் கொடுத்தார். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா மொத நாளே எடுத்துக் குடுத்திருப்பேனேப்பா" என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்துவிட்டது. அவ்வளவு நல்ல அளவுகளை வருஷக்கணக்காகப் பாராட்டியவர், அதன் பின்னால் என்ன நடந்தது என்று ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்காததை நினைத்தாரோ என்னவோ.

அக்கா தன் மேசைக்கு வந்தாள். ஜன்னல் ஓரத்தில் நிறம் அடர்ந்துபோன குடுவை அப்படியே நின்றது. அவளுக்குச் சந்தோஷம், சொல்லி மாளாத சந்தோஷம். அனுப்பவில்லை. மாமா மாதிரி அனுப்பவில்லை. அந்தச் சந்தோஷத்துக்கு அடியிலேயே ஒரு வலியும் இருந்தது. அந்தப் பாட்டில் இத்தனை நாளும் அவர்கள் தலைக்கு மேலேயே இருந்திருக்கிறது. அவள் கலர் பென்சிலைச் சீவிய நாளிலிருந்து 'நான் பாத்துக்கறேன்' என்று சொல்லாமல், ஒரே ஒரு தடவை 'வாடா, போய்க் கேட்டுப் பாப்போம்' என்று சொல்லியிருந்தால் போதும். பாசத்தில்தான் செய்தாள், அதில் சந்தேகமே இல்லை. அந்தப் பாசம் அவன் வாயையும் சேர்த்துப் பொத்தியிருக்கிறது. இனிமேல் அவனுக்கு அவள் கண் தேவைப்படாது என்பதும் அந்த வலியில் கலந்திருந்தது. அதை ஒத்துக்கொள்ள அவளுக்கு வெட்கமாக இருந்தது.

போதும். குடுவையைக் கழுவினாள். பிப்பெட்டில் அமிலத்தை எடுத்தாள், பினாப்தலீன் இரண்டு சொட்டு விட்டாள், நிறம் துலங்குவதற்கு வெள்ளைப் பீங்கான் தட்டைக் குடுவைக்கு அடியில் நகர்த்தி வைத்தாள். பியூரெட்டை நிரப்பி, புனலை எடுத்தாள். பிறகு இடது கையைத் திருகின் பின்பக்கமாக வளைத்தாள். இழுக்கக் கூடாது, உள்பக்கமாக அணைத்துப் பிடிக்க வேண்டும். தம்பி அப்படித்தான் பிடிப்பான். இத்தனை நாள் பக்கத்திலேயே நின்றும் அவன் கையை அவள் பார்த்ததில்லை, குடுவையைத்தான் பார்த்திருக்கிறாள். இன்றைக்குத் தூரத்திலிருந்து பார்த்ததுதான் முதல் தடவை.

கை மெல்லப் பழகியது. வலது கை சுழற்றியது, இடது கை தூங்கவில்லை. முதலில் கொஞ்சம் வேகமாக விட்டாள், பிறகு குறைத்தாள். சிவப்பு தோன்றி மறைவதற்கு நேரமாக ஆரம்பித்ததும் சொட்டுச் சொட்டாக ஆக்கினாள். சொட்டு சார் பக்கத்தில் வந்து நின்றார். அருவி, குளியல் என்று ஒன்றும் சொல்லாமல் நகர்ந்தார்.

தொண்டை அரித்தது. நிறம் வரப்போகிறது என்று தொண்டைக்குத் தெரிந்துவிட்டது போல. அக்கா எச்சிலை விழுங்கி அடக்கினாள். இப்போது இருமினால் அவனுடைய கை மறுபடி மூடிக்கொண்டால் என்ன ஆவது? பக்கத்து மேசையில் மிட்டாய் இருக்கிறதா என்று கேட்கலாம்போல இருந்தது.

அப்போது அந்தக் கோடியிலிருந்து ஓர் இருமல் கேட்டது.

ஆண் குரல். இருமத் தெரியாதவன் இருமுகிற மாதிரி, தொண்டையைக் காட்டிக்கொடுக்கிற பொய் இருமல். வகுப்பில் இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். "தண்ணி குடிப்பா" என்றார் அந்த அம்மா, தாளிலிருந்து தலையைத் தூக்காமலே.

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது. அங்கே ஒரு குடுவை நீலமாகியிருக்கிறது. அவன் கண்ணாலேயே பார்த்து, அவனே நிறுத்தியிருக்கிறான், நிறுத்திவிட்டு அவளுக்குச் சொல்கிறான். அவள் கண் நிறைந்து, வெள்ளைத் தட்டு ஒரு கணம் கலங்கித் தெரிந்தது. கண்ணைச் சிமிட்டித் தெளிய வைத்துக்கொண்டாள்.

ஆனால் திருகை மூடவில்லை. அவளுடைய குடுவையில் இன்னும் நிறம் வரவில்லை.